வாசல் இருந்த பக்கம்

கொம்பையா தன் கூடப்பிறந்த தம்பி சீனிராஜைக் கடைக்குள் வைத்தே குத்திக் கொன்று, ஊர்க்காரர்கள் சுடுகாட்டில் சாம்பலுக்குப் பால் ஊற்றி முடித்த மறுநாள் விடியற்காலையில், போலீஸ் ஸ்டேஷன் கம்பிக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த கொம்பையாவின் உடம்பு கண்ணைத் திறந்து, செத்துப்போன தம்பியின் குரலில், "புஷ்பம், என் வலது கை ஏன் இப்படி நாறுது?" என்று கேட்டது.

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றவள் தங்கபுஷ்பம், சீனிராஜின் பெண்டாட்டி. புருஷனைக் கொன்றவன் முகத்தில் ஒரு கை மண்ணை அள்ளித் தூற்றிவிட்டுப் போகலாம் என்று வந்தவள். வந்து பார்த்தால் பாவி குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான், தின்ற சோறு செரித்தவன் மாதிரி. அவள் மண்ணை எறிய மறந்து, "அய்யோ, என் சீனிராஜு!" என்று கத்திவிட்டாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டாலும் சரி, ரேஷன் கடையில் கேட்டாலும் சரி, பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வார்களே தவிர, தன் வாயால் 'அவுக' என்பதற்கு மேல் ஒரு எழுத்து வராது. கல்யாணமான நாளிலிருந்து புஷ்பம் சொல்லாத பெயர் அது. அன்றைக்கு முதல்முதலாகச் சொன்னாள், அது தூங்குகிறவன் காதில் விழுந்தது, தம்பி எழுந்துகொண்டான்.

எருக்கம்பட்டி வாயைப் பிளந்து நின்றுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அந்த ஊருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? ஏட்டையா முதலில் கேட்டது, "அப்போ கையெழுத்து யாரு போடுவா?" என்பதைத்தான். டீக்கடையில், "ஒரே டிஸ்க்ல ரெண்டு சிஸ்டம் போட்டானுகல்ல, அதே கதைதான் இதுவும். மிஷினுக்கு ஆகும்னா மனுசனுக்கு ஆகாதா?" என்று ஒருத்தர் சொன்னார், அதோடு எல்லோருக்கும் விளங்கிவிட்டது. நம் வீட்டில் போனவரும் இப்படி எழுந்திருக்கக் கூடாதா என்று செத்த வீட்டுக்காரர்கள் சிலருக்குப் பொறாமைகூட வந்தது.

நமக்கும் விளங்க வேண்டுமென்றால் அந்தக் கம்ப்யூட்டர் கதையைச் சொல்லியாக வேண்டும். அண்ணன் தம்பிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளெக்ஸ் கடை. கல்யாணமோ சடங்கோ கோயில் கொடைத் திருவிழாவோ கண்ணீர் அஞ்சலியோ, அந்த ஊரில் சிரித்த முகமும் செத்த முகமும் அந்த ஒரே கம்ப்யூட்டர் வழியாகத்தான் பேனராக வெளியே வந்தது. கம்ப்யூட்டரை ஓட்டுகிற சிஸ்டம் என்றால் கொம்பையாவுக்கு விண்டோஸ்தான் எல்லாம். சீனிராஜுக்கோ லினக்ஸ் மேல் பைத்தியம். எனக்கு இதுதான் வேண்டும், எனக்கு அதுதான் வேண்டும் என்று தினம் ஒரு வாய்ச்சண்டை. ஊர் அண்ணனுடையதை ஜன்னல் என்றும், தம்பியுடையதை அதன் சின்னத்தில் இருக்கிற பறவையை வைத்துப் பென்குயின் என்றும் கூப்பிட்டுக் கேலி பண்ணியது. கடைசியில் தம்பி ஒரு வழி சொன்னான்.

"அண்ணே, உன் வீட்டை நான் இடிக்கல. டிஸ்க்ல பின்பக்கம் காலியாக் கெடக்கிற எடத்துல வேலி போட்டு எனக்கு ஒரு வீடு கட்டிக்கிடுதேன். பின்னால வாரவன் நான்ங்கிறதால வாசல் மட்டும் என் பக்கத்துல இருக்கும். ஒரே வாசல். அதுல நொழஞ்சு நீ உன் வீட்டுக்குப் போ, நான் என் வீட்டுக்குப் போறேன்."

அப்படியே கட்டினான். சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர் வரும், வேண்டியதை அமுக்க வேண்டும். யாரும் எதையும் அமுக்காவிட்டால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேலே இருப்பது தானாகத் திறந்துகொள்ளும். மூத்தவன் என்ற மரியாதைக்கு அண்ணனுடையதை மேலே வைத்தான் சீனிராஜ். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தம்பி பக்கமிருந்து பார்த்தால் அண்ணன் வீட்டு அறைகளெல்லாம் திறந்து கிடக்கும். அண்ணன் பக்கமிருந்து பார்த்தால் தம்பி வீடு கண்ணுக்கே தெரியாது, பெயரில்லாத ஒரு இருட்டு மூலைதான் தெரியும். ஒருநாள் கொம்பையா அந்த மூலையைத் தட்டிப் பார்த்தான். 'இதைத் துடைத்தால்தான் பயன்படுத்த முடியும், துடைக்கட்டுமா?' என்று மிஷின் கேட்டது. அவன் யாரிடமும் எதையும் கேட்டுச் செய்கிற ஜாதகக்காரனா? ஆமாம் என்று அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டான்.

மறுநாள் சுவிட்சைப் போட்டால் ஜன்னலும் இல்லை பென்குயினும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் விட்டு விட்டு மினுக்கிக்கொண்டிருந்தது. வாசலில் கொடைக்காரர்கள் அம்மன் பேனருக்கு நின்று சத்தம் போடுகிறார்கள்.

"என் பக்கத்தத் தொடச்சிட்டியாண்ணே? வாசல் அங்கதான இருந்துச்சு!" என்றான் தம்பி.

"என் மிஷின்ல உனக்கு ஏதுல பக்கம்? குப்பையாக் கெடந்துச்சு, பெருக்கினேன். நீதான் என்னத்தையோ செஞ்சு கெடுத்துப்புட்டே."

"உனக்குத் தெரியலேன்னா இல்லேன்னு ஆயிருமா?"

அந்த ஒரு கேள்விதான். அதற்குப் பிறகு பேச்சு பெற்ற தாய்வரை போய், கை சட்டைக் காலர்வரை போய், மேஜையில் கிடந்த பிளெக்ஸ் வெட்டுகிற கத்தி தம்பியின் இடது விலாவுக்குக் கீழே பிடி வரைக்கும் போய்விட்டது. போன வேகத்தில் வழுக்கி அண்ணனின் உள்ளங்கையையும் கிழித்ததில், இரண்டு ரத்தமும் அங்கே கலந்தது. அது வழியாகத்தான் தம்பி உள்ளே ஏறியிருப்பான் என்று ஊரில் சொல்வார்கள். பழைய அம்மன் பேனர் ஒன்று தரையில் விரித்துக் கிடந்தது. பிளெக்ஸில் ரத்தம் ஊறாது. அம்மன் முகத்தின் மேல் உருண்டு உருண்டு ஓடி, சிமெண்டுத் தரைக்கு வந்துதான் நின்றது.

சரி, ஸ்டேஷனுக்கு வருவோம். கேஸ் கோர்ட்டுக்குப் போனது. கொன்றவனைத் தண்டித்தால் குத்துப்பட்டவனும் சேர்ந்தல்லவா ஜெயிலில் கிடப்பான், இதற்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார், வாய்தா போட்டு உடம்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தூக்கத்தில் 'சீனிராஜ்' என்ற பெயர் காதில் விழுந்தால் தம்பி எழுவான். ஒன்றும் விழாவிட்டால் அண்ணன் தானாகவே எழுவான். எழுந்தவன் அடுத்துத் தூங்கும்வரை உடம்புக்கு அவன்தான் எஜமான். ஆக, கொம்பையாவின் பெண்டாட்டி செல்வக்கனிக்கு வேண்டியதெல்லாம் சத்தமில்லாத விடியற்காலை. புஷ்பத்துக்கு வேண்டியது ஒரே ஒரு கூப்பாடு.

அன்றிலிருந்து எருக்கம்பட்டியில் விடிகிறபோதே அடிதடி. செல்வக்கனியின் அண்ணன் தம்பிகள் அரிவாளோடு வீட்டைச் சுற்றி நின்றார்கள். தூங்குகிறவன் காதில் மெழுகை உருக்கி ஊற்றினார்கள். கோழி கூவினாலும் பெயர் மாதிரிக் கேட்டுவிடுமோ என்று தெருச் சேவல்களை எல்லாம் பிடித்துக் கழுத்தைத் திருகிப் போட்டார்கள். புஷ்பத்தின் ஆட்கள் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, அவள் வாயில் மைக்கைக் கொடுத்தார்கள். புருஷன் பெயரை ஒரு தடவை சொல்ல நா எழாதவள், ஊருக்கே கேட்கிற மாதிரி, தொண்டை கிழிய, சீனிராஜு சீனிராஜு என்று கூவினாள். ஸ்பீக்கர்காரனுக்கு முன்பல் போயிற்று, ஒருத்தனுக்கு மண்டை பிளந்தது, இன்னொருத்தனின் காது அறுந்து சாக்கடையில் விழுந்து அதை நாய் கொண்டுபோயிற்று. ஊர் ஜன்னல் கட்சி, பென்குயின் கட்சி என்று பிரிந்து, பேசி முடித்த கல்யாணங்கள் நின்றன, ஒரே தெருவில் இரண்டு டீக்கடை வந்தது. கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காத கிழவர்கள்கூட ஏதாவது ஒரு கட்சிக்காக வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டு, ஒருநாள் அண்ணனுக்கு, ஒருநாள் தம்பிக்கு என்று முடிவு பண்ணினார்கள். கோயில் முறை வைக்கிற ஊருக்கு மனுஷனுக்கு முறை வைப்பது பெரிய காரியமா?

தன் முறை வந்த நாட்களில் புஷ்பம் அந்த உடம்பைத் தன் வீட்டுக்குக் கூட்டிவருவாள். முகம் புருஷனின் அண்ணனான அத்தான் முகம், மீசை அத்தான் மீசை. குரலும், டீயை ஊதி ஊதிக் குடிப்பதும், பேசும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பதும் அவள் ஆளுடையது. கண்ணை மூடிக்கொண்டால் புருஷன், திறந்தால் கொலைகாரன். வந்ததும் முதல் வேலையாகக் குத்திய அந்த வலது கையைத் துண்டால் மார்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுவாள். அவன் இடது கையால் சாப்பிடுவான், பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பழகிவிட்டார்கள். கடையில் பிளெக்ஸ் வெட்டுகிற அதே மாதிரிக் கத்தி ஒன்றை அவள் மடியிலேயே வைத்திருந்தாள். இந்தக் கையை ஒருநாள் வெட்டாமல் விடமாட்டேன் என்று அவளுக்கு ஆங்காரம். கை போனாலும் போகட்டும், தன் ஆள் முழுசாக, தனியாக, தினமும் வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

ஆனால் அண்ணன் தம்பி சண்டை அடங்கினால்தானே. ஒருநாள் அவள் தண்ணீருக்குப் போன நேரம், சீனிராஜ் துண்டை அவிழ்த்து, பேனருக்கு வளையம் அடிக்கிற அச்சில் அந்த வலது கையை வைத்து, கட்டைவிரல் சவ்வில் ஒரு பித்தளை வளையத்தைச் சுத்தியலால் அடித்து இறக்கிக்கொண்டான்.

"அடப்பாவி மனுசா! வலிக்கலையா உங்களுக்கு?"

"வலிக்குது. நாளைக்கு அவனுக்கும் வலிக்கும்ல?"

மறுநாள் கொம்பையா அலறிக்கொண்டு எழுந்தான். சும்மா இருப்பானா? தூங்கப் போகுமுன் கரண்டியை அடுப்பில் காயவைத்து இடது உள்ளங்காலில் வைத்துக்கொண்டு, நாளைக்கு எழுகிறவன் நடக்கட்டும் பார்ப்போம் என்று சிரித்தான். அடுத்த நாள் தம்பி கடைவாய்ப் பல்லைக் குறட்டால் பிடுங்கினான். அதற்கடுத்த நாள் அண்ணன் கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தேய்த்துக்கொண்டு படுத்தான். "இன்னைக்கு எங்க?" என்று விசாரிப்பதே ஊரில் காலை வழக்கமாகிவிட்டது.

"வீடு ஒண்ணுதான இருக்கு. ரெண்டு பேரும் சேந்து இடிச்சா நாளைக்கு எங்க குடியிருப்பீக?" என்று புஷ்பம் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதுதான் சீனிராஜ் சொன்னான், தன் பக்கமிருந்து பார்த்தால் அண்ணனுக்குள் எல்லாமே தெரிகிறது, நினைத்தால் ஒரே தட்டில் துடைத்துவிடலாம் என்று. அவளுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "அப்போ தொடைங்க. இன்னைக்கே தொடைங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனான். வெளியே வந்தபோது அந்த அத்தான் முகத்தில் கண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"முடியல புஷ்பம். அங்க நான் இருக்கேன். சின்னப்பிள்ளையா, கொடைக் கூட்டத்துல அவன் தோள்மேல உக்காந்து, கையில ஐஸ் ஒழுக ஒழுக. என்னைக் குத்தினதும் அங்கதான் இருக்கு, அவன் கண்ணு வழியாவே பாத்தேன். குத்தின கையோட 'தம்பி'ன்னு கூப்பிட்டிருக்கான், எனக்குத்தான் கேக்கல. அவனைத் தொடச்சா அந்தச் சின்னப்பயலும் போயிருவான்."

புஷ்பம் அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அறைந்தது யார் கன்னம் என்று அவளுக்கே தெரியவில்லை. "உங்களக் கொன்னவனுக்கு நீங்க காவலா? அப்போ நான் யாரு?" என்று கத்தினாள். அவன் அறையை வாங்கிக்கொண்டு, "ஒண்ணு மட்டும் நெனப்புல வச்சுக்கோ. அவனத் தொடச்சா நான் இருப்பேன். அவன் என் பக்கத்தத் தொடச்சா ரெண்டு பேருமே இல்ல. வாசல் இங்கேயும் என் பக்கத்துலதான் இருக்கு" என்றான்.

இங்கே இப்படி என்றால், அங்கே செல்வக்கனி சும்மா இருப்பாளா? மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேயோட்டுகிற ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்துவிட்டாள், கொழுந்தனை விரட்டிவிடலாம் என்று. அண்ணன் முறைக்கான நாளில், பட்டப்பகலில், முற்றத்தில் ஊரே கூடி நிற்க, கோடாங்கி உடுக்கையை அடித்துக்கொண்டே கொம்பையாவைக் கேட்டான், உள்ளே என்ன தெரியுது என்று.

"ஒண்ணும் தெரியல. ஒரு இருட்டு மூலை."

"பெருக்கிறலாமா?"

புஷ்பம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். செல்வக்கனியின் அண்ணன் ஒருத்தன் வயிற்றில் உதைத்தான், விழுந்து எழுந்து வந்தாள். செல்வக்கனி கொண்டையைப் பிடித்து இழுத்தாள், மயிர் கொத்தாகக் கையோடு போனது, அப்படியும் வந்தாள். "அத்தான், பெருக்காதீக! அங்கதான் வாசல் இருக்கு. ரெண்டு பேருமே எந்திரிக்க மாட்டீக! கடையில பாத்தீகள்ல?"

"எங்க பாத்தேன்? அன்னைக்கும் அவன்தான் கெடுத்தான்" என்றான் கொம்பையா. "எனக்குத் தெரியாம எனக்குள்ள ஏது பக்கம்?"

"உங்களுக்குத் தெரியலேன்னா இல்லேன்னு ஆயிருமா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கடையில் கேட்டதாக அவள் புருஷன் சொல்லியிருந்த அதே கேள்வி. கொம்பையாவின் முகம் கடையில் அன்றைக்கு மாறின மாதிரியே மாறியது, கழுத்து நரம்பு புடைத்தது. "ஆமா, பெருக்கு!" என்று கோடாங்கியைப் பார்த்துக் கத்திவிட்டு, கத்தின வாய் மூடாமலேயே சாய்ந்து தூங்கிப்போனான்.

விடிந்தது. செல்வக்கனி சத்தமில்லாமல் காத்திருந்தாள், அண்ணன் எழவில்லை. புஷ்பம் பெயரைச் சொல்லிக் கத்தினாள், தம்பியும் எழவில்லை. மூச்சு வந்தது, போனது. கண் இரண்டும் திறந்து, இமை மட்டும் விட்டு விட்டு மினுக்கிக்கொண்டிருந்தது. வெந்நீரை ஊற்றினார்கள், ஊசியால் குத்தினார்கள், கோடாங்கி உடுக்கையைப் போட்டுவிட்டுப் பின்கொல்லை வழியாக ஓடினான்.

எருக்கம்பட்டிக்காரர்கள் இதையும் விடவில்லை. ஆளில்லாத உடம்பு, யார் வேண்டுமானாலும் குடியேறலாம் என்று பேச்சுக் கிளம்பியதுதான் தாமதம், சுற்றுப்பட்டி எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டது. கிணற்றில் விழுந்த மகன் பெயரை ஒருத்தி கூவினாள், சொத்து எங்கே புதைத்தார் என்று கேட்க ஒருத்தன் தகப்பன் பெயரைக் கூவினான், லாரியில் அடிபட்ட பெண்டாட்டி, நஞ்சு குடித்த தங்கை, எல்லாப் பெயரும் அந்தக் காதில் போய் விழுந்தது. முன்னால் போக முட்டினார்கள், கம்பால் அடித்துக்கொண்டார்கள், கீழே விழுந்த கிழவி ஒருத்தியின் மேல் ஏறி நின்றே கூவினார்கள். கடைசியில் வாயைக் காதுக்குள்ளேயே வைத்துக் கத்தி, உடம்பின் இரண்டு காதும் கிழிந்து ரத்தம் வடிந்தது. நேற்றுவரை ஒருத்தனை ஒருத்தன் வெட்டிக்கொண்ட புஷ்பத்தின் ஆட்களும் செல்வக்கனியின் ஆட்களும் இன்றைக்குத் தோளோடு தோள் நின்று வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுப்படிக்குள் ஒதுங்கி நின்ற செல்வக்கனி, மயிர் பிய்ந்த புஷ்பத்தின் தலையைப் பார்த்தாள். பார்த்தவளின் கண்ணில் தண்ணீரே இல்லை.

"இந்த வேலைய நாந்தான பாத்தேன்" என்றாள். "விடிஞ்சதுலேருந்து யாரு எந்திரிச்சாலும் சரின்னு இருந்தேன்டி. உன் புருசன் எந்திரிச்சாலும் சரின்னு. இவனுக என்னன்னா கண்ட கண்ட ஆளை ஏத்தப் பாக்கானுக."

"அக்கா..."

"உன் மடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். எடு."

இரண்டு பேரும் கூட்டத்துக்குள் புகுந்தார்கள். செல்வக்கனி கையில் கிடைத்த அம்மிக்குழவியைச் சுழற்றிய சுழற்றில் முன்வரிசை சிதறியது; கடைசி ஆளையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே கதவை இடிக்கிறார்கள், யார் யார் பெயரையோ சொல்லிக் கத்துகிறார்கள். செல்வக்கனி உட்கார்ந்து தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். புஷ்பம் பித்தளை வளையம் அடித்த அந்த வலது கையை, இத்தனை நாள் தொட்டுக் கட்டியதைத் தவிர வேறெதற்கும் தொடாத கையை, ஒரு தடவை பிடித்தாள். பிறகு இடது விலாவுக்குக் கீழே இடத்தைத் தடவிப் பார்த்துக் கத்தியை வைத்தாள்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டுச் செய்" என்றாள் செல்வக்கனி. "கூப்பிட ஆளில்லாமப் போனாகன்னு இருக்கக் கூடாது."

"யாரு பேர?"

செல்வக்கனி பிள்ளை பெற்றபோதுகூடச் சொல்லாத பெயர். குனிந்து, கிழிந்த வலது காதில், "கொம்பையா" என்றாள். புஷ்பம் இடது காதில், "சீனிராஜு" என்றாள். இரண்டு பெயரும் ஒரே நேரத்தில் உள்ளே போய் விழுந்தன.

இமை மினுக்குவது நின்றது. கண் இரண்டு பேரையும் பார்த்தது. கத்தி அதற்குள் பாதி இறங்கியிருந்தது. உதடு பிரிந்து, அண்ணன் குரலா தம்பி குரலா என்று தெரியாத ஒரு குரல், "யாரு கூப்பிட்டது?" என்று கேட்டது.

புஷ்பம் நிறுத்தவில்லை, பிடி வரைக்கும் இறக்கினாள். செல்வக்கனி அந்தத் தலையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"நாங்கதான்" என்றார்கள் இரண்டு பேரும்.